பையன் வளர்ந்துவிட்டான், கட்டில் துண்டுகள் மட்டும் பரணில். என்ன செய்யலாம்?

#1 பரண்வாசி, குரோம்பேட்டை
டிசம்பர் 7

பொங்கலுக்குள் வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும், அதற்கு முன் பரண் காலியாக வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. நேற்று ஏணி போட்டு ஏறினேன். பாதிப் பரணை அடைத்துக்கொண்டிருப்பது பையனின் பழைய சாமான்தான். அவன் இப்போது ஒன்பதாம் வகுப்பு, என் சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறான்.

முழுசாக இருந்தால் யாருக்காவது கொடுத்துவிடலாம். இருப்பதெல்லாம் மிச்சம்மீதி. அக்கா அமெரிக்காவில் 2008இல் வாங்கி, ஊர் திரும்பும்போது கன்டெய்னரில் போட்டு அனுப்பிய குழந்தைக் கட்டில் ஒன்று. அதில் கிராதிகள் இரண்டு, தலைமாட்டுப் பலகை, மெத்தை தாங்கும் இரும்புச் சட்டம் (உள்ளே சின்னச் சின்ன ஸ்ப்ரிங்), மெத்தை, இவ்வளவு இருக்கின்றன. கால்மாட்டுப் பலகை 2015 வெள்ளத்தில் ஊறி வெடித்து அப்போதே போய்விட்டது. அப்புறம் ஒரு படிப்பு மேஜையின் மூன்று பலகைகள், சோறூட்டும் நாற்காலியின் பிளாஸ்டிக் தட்டு, அதன் பெல்ட். எந்த சாமானுக்கு எது என்றே தெரியாமல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய திருகாணி, போல்ட், வளைந்த ஆலன் கீ.

சித்தி மகளுக்கு மார்ச்சில் பிரசவம். ஆசாரியை வைத்து கால்மாட்டுக்கு ஒரு பலகை அடித்து, கட்டிலைப் பூட்டி அவளுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு எண்ணம். மற்றதை என்ன செய்வது? யோசனை சொல்லுங்கள்.

#2 நேர்வழி
டிசம்பர் 7

காயலான் கடை. போன் போட்டால் வீட்டுக்கே வருவான். ஐந்து நிமிட வேலைக்கு ஒரு இழையா?

#3 வாடகைவீடு, பெங்களூரு
டிசம்பர் 7

நேர்வழி சார், போன வருடம் வீடு மாறும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். கடைக்காரர் இரும்பையும் பேப்பரையும் எடை போட்டார். பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது தூள் கட்டை சார், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்" என்று படியிறங்கிப் போய்விட்டார். பார்ட்டிகிள் போர்டுக்கு மறுவிலை பூஜ்ஜியம். பரண்வாசியிடம் காசாகக்கூடியது அந்த ஸ்ப்ரிங் சட்டம் ஒன்றுதான்.

#4 நேர்வழி
டிசம்பர் 7

அப்போது போகி வருகிறதே. பழையன கழிதல். எரித்துவிட வேண்டியதுதான்.

#5 நிலா, ரொறன்ரோ
டிசம்பர் 8

பரண்வாசி அண்ணா, மற்ற எல்லாவற்றுக்கும் முதல் ஒரு கேள்வி. அந்தக் கட்டிலின் ஒரு பக்கக் கிராதி மேலும் கீழும் இறங்குமா? பிள்ளையைத் தூக்க வசதியாக, சற்று உயர்த்தி முழங்காலால் தட்டினால் சரிந்து இறங்கும் வகை. 2008 என்றால் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

அப்படியென்றால் தயவுசெய்து தங்கச்சிக்குக் கொடுக்க வேண்டாம். அமெரிக்காவில் 2011 ஜூன் 28இலிருந்து அந்த வகைக் கட்டிலைச் செய்வதும் விற்பதும் சட்டப்படி தடை. பழசை இன்னொருவருக்குக் கைமாற்றுவதும் கூடாது என்றுதான் அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. 2000க்குப் பிறகு 32 பிள்ளைகளாவது அந்தக் கட்டில்களில் இறந்திருக்கிறார்கள். தடைக்கு முன்பே ஒரு கோடிக்கு மேல் கட்டில்களைத் திரும்ப அழைத்தார்கள். இங்கே கனடாவிலும் 2016 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

காரணம் மரம் இல்லை. கிராதி ஏறி இறங்க உதவும் பிளாஸ்டிக் துண்டுகள்தான். பத்துப் பதினைந்து வருடத்தில் அவை முறுகிப் போகும். ஒரு மூலை மட்டும் கழன்றால் கிராதிக்கும் மெத்தைக்கும் நடுவே ஆப்பு வடிவில் ஒரு இடைவெளி வரும். பிள்ளை உருண்டு போய் அதில் மாட்டினால் சத்தமே வராது. கழற்றிக் கழற்றிப் பூட்டிய கட்டிலிலும் ஆணி குறைந்த கட்டிலிலும் இந்த ஆபத்து இன்னும் கூட. உங்களிடம் இருப்பதில் ஒரு பலகையே இல்லை.

என் மகளுக்கு என்று அக்காவிடம் வாங்கி வந்த கட்டிலை நானும் கண்கலங்கித்தான் குப்பைக்குப் போட்டேன். போடும் முன் கிராதியை வாளால் இரண்டாக அறுத்தேன். இல்லாவிட்டால் தெருவில் யாராவது எடுத்துப் போய் பிள்ளையைப் போட்டுவிடுவார்கள்.

#6 பரண்வாசி
டிசம்பர் 8

நிலா, படித்ததும் மறுபடி ஏணி ஏறினேன். ஆமாம், இறங்கும் வகைதான். கிராதியின் இரண்டு ஓரத்திலும் ஒரு இரும்புக் கம்பி, மேல்முனையில் ஸ்ப்ரிங், கீழே பிளாஸ்டிக் கொக்கி. இடதுபக்கக் கொக்கி பாதிதான் இருக்கிறது. மீதிக்கு சணல் கயிறு சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறது. அது அப்பா போட்ட முடிச்சு, பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் பையன் அந்தக் கயிற்றை நம்பித்தான் இரண்டு வருடம் தூங்கியிருக்கிறான். இன்றிரவு எனக்குத் தூக்கம் வராது.

சித்தி மகளுக்குக் கட்டில் கிடையாது, முடிவு செய்துவிட்டேன். கிராதியை என்ன செய்யலாம் என்பதே இப்போதைய கேள்வி.

#7 மதுரைப் பெரியம்மா
டிசம்பர் 8

தம்பி, சித்தி மகளுக்குத் தூளி கட்டச் சொல்லுங்கள். ஒரு நூல் சேலை, உத்தரத்தில் ஒரு வளையம், நடுவில் விரித்துப் பிடிக்க ஒரு தொட்டில் கம்பு. பிள்ளை நகர ஆரம்பித்ததும் அவிழ்த்து மடித்தால் பீரோவில் ஒரு தட்டு இடம். மிச்சத் துண்டு என்ற பேச்சே இல்லை.

எங்கள் வீட்டுத் தொட்டில் கம்பு என் மாமியார் காலத்தது. கடைசல் பிடித்தது, இரண்டு முனையிலும் கிளி. இதுவரை ஏழு வீடு சுற்றி வந்திருக்கிறது. யாருக்குக் குழந்தை பிறந்தாலும் வந்து வாங்கிப் போவார்கள், பிள்ளை நடந்ததும் ஒரு ரவிக்கைத் துணியோடு திரும்பி வரும். இப்போது காரைக்குடியில் இருக்கிறது.

மரத் தொட்டிலும் ஒன்று இருக்கிறது, கயிற்றில் தொங்கவிடுவது. பெயிண்ட் உரிந்து அசிங்கமாக இருக்கிறது. பேத்திக்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மஞ்சள் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

#8 வாடகைவீடு
டிசம்பர் 8

பெரியம்மா, அந்தத் தேய்க்கும் வேலையைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கும். மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் அதிகம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்ததே 2016இல், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் அடித்தது எதையும் நம்ப முடியாது. உலர்ந்த பெயிண்டைத் தேய்த்தால் தூள் வீடெல்லாம் பறக்கும். தவழும் பிள்ளை தரையைத் தொட்ட கையை நேரே வாயில்தான் வைக்கும்.

#9 மதுரைப் பெரியம்மா
டிசம்பர் 8

அடப்பாவமே. என் பிள்ளைகள் மூன்று பேரும் அந்தத் தொட்டிலின் விளிம்பைக் கடித்துத்தான் வளர்ந்தார்கள். சரி, நிறுத்தச் சொல்லிவிட்டேன். பேத்திக்கும் தூளிதான். தொட்டிலைக் கொலுவில் கிருஷ்ணனுக்கு வைத்துக்கொள்கிறேன், அவர் கடிக்க மாட்டார்.

#10 டவுன்ஹால் திருகாணி, கோவை
டிசம்பர் 9

எல்லோரும் மரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்த ஹார்லிக்ஸ் பாட்டில்தான் வேண்டும்.

விளையாட்டில்லை. லேத் பட்டறையில் இருபது வருடம். வீட்டில் உடைகிற எல்லாமே ஒரு போல்ட் இல்லாமல்தான் உடைகிறது. அந்த பாட்டிலை ஒரு பழைய செய்தித்தாள் மேல் கொட்டிப் பிரியுங்கள். இப்படித்தான் இருக்கும்:

நீளமான போல்ட், தலையில் ஆறுமூலைக் குழி. இது கட்டிலுடையது. இதோடு கட்டை பேட்டரி மாதிரி ஒரு சின்ன உருளை இருக்கும், குறுக்கே ஓட்டை போட்டது. அது பேரல் நட். ஒரு முனையில் கோடு வெட்டியிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? உள்ளே மரை (போல்ட் ஏறும் திருகு வரி) எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டத்தான் அந்தக் கோடு. மரத்துக்குள் போட்டபின் ஸ்க்ரூடிரைவரால் கோட்டை போல்ட் வரும் திசைக்குத் திருப்பினால் ஒரே தடவையில் பிடிக்கும். தெரியாதவர்கள் அரைமணி நேரம் குத்திக்கொண்டிருப்பார்கள்.

வட்டமாக, பித்தான் மாதிரி, ஈயம் போல வெளுப்பாக இருப்பது கேம் லாக். படிப்பு மேஜையுடையது. துத்தநாகக் கலவையில் வார்த்தது, இரண்டு மூன்று முறைக்கு மேல் இறுக்கினால் உதடு பிய்ந்துவிடும். அதைத் தூக்கிப் போடலாம். கூட இருக்கும் மரக்குச்சிகளை வைத்துக்கொள்ளுங்கள், 8 மில்லி, எங்கும் பயன்படும்.

இப்போது முக்கியமான விஷயம். அமெரிக்கக் கட்டில் என்றால் அந்த போல்ட் பெரும்பாலும் எம்6 இல்லை, கால் இஞ்ச். ஒன்று 6 மில்லி, மற்றது 6.35. கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். எம்6இல் மரைக்கு மரை 1 மில்லி, கால் இஞ்சில் ஒரு இஞ்சுக்கு 20 மரை, அதாவது 1.27 மில்லி. எம்6 போல்ட்டை கால் இஞ்ச் நட்டில் விட்டால் இரண்டு சுற்று சுலபமாக ஏறும், ஏறிவிட்டது என்று நாம் நினைப்போம், ஆனால் ஆடும். பலமாக இறுக்கினால் மரை உருண்டுவிடும்.

கேஜ் இல்லாமல் சோதிக்க ஒரு வழி. தெரிந்த போல்ட் ஒன்றையும் தெரியாத போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மரையோடு மரை பொருத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்து வெளிச்சம் வராவிட்டால் ஒரே ஜாதி. சந்து தெரிந்தால் வேறு.

தொலைந்துபோனால் அமெரிக்காவுக்கு எழுத வேண்டாம். நம் ஹார்டுவேர் கடையில் "கால் இஞ்ச் போல்ட்" என்று கேட்டால் இன்னும் பழைய பிரிட்டிஷ் மரையில் தருவார்கள். அதிலும் இஞ்சுக்கு 20தான். மரையின் கோணம் 55 டிகிரி, அமெரிக்கனுடையது 60, ஆனாலும் இந்த அளவில் ஒன்றில் ஒன்று ஏறிவிடும். வெள்ளைக்காரன் விட்டுப் போன பழக்கத்தால் ஒரு உபயோகம்.

#11 பரண்வாசி
டிசம்பர் 9

சார், பையனும் நானும் உட்கார்ந்து கொட்டிப் பிரித்தோம். கால் இஞ்ச் போல்ட் 12, பேரல் நட் 9. கேம் லாக் 14, அதில் 5 உடைந்தவை. எந்த சாமானுக்கும் சேராத ஸ்ப்ரிங் ஒன்று. ஒரு பல் (பையனுடையது இல்லை, பொம்மையுடையது). நான் காணாமல் போனதாகத் திட்டித் தீர்த்த ஸ்கூட்டர் டிக்கி சாவியும் கிடைத்தது. ஸ்கூட்டரை விற்று ஆறு வருடம் ஆகிறது.

#12 தோவாளை ஆசாரி
டிசம்பர் 10

கிராதி என்ன மரம் என்று யாரும் கேட்கவில்லையே. அறுத்த முனையைப் பாருங்கள், பெயிண்ட் இல்லாத இடம் அதுதான். போல்ட் ஓட்டைக்குள் டார்ச் அடித்தும் பார்க்கலாம். வெளிர் சந்தன நிறம், வாசனை இல்லை, நீளவாக்கில் பழுப்பாக மெல்லிய கோடுகள் புள்ளிபுள்ளியாக ஓடுகிறது என்றால் ரப்பர் மரம். சட்டத்தின் நடுவில் விரலோடு விரல் கோத்தது மாதிரி இணைப்பு தெரிந்தால் சின்னத் துண்டுகளை ஒட்டியது. அதனால் மட்டம் என்று நினைக்க வேண்டாம், ஒட்டு நன்றாக இருந்தால் வளையாது.

எங்கள் குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டம்தான் எங்கும். பால் வெட்டி வெட்டி இருபத்தைந்து முப்பது வருடத்தில் ஓய்ந்ததும் மரத்தைச் சாய்ப்பார்கள். முன்பெல்லாம் விறகுக்குத்தான் போகும். வெட்டின ஒரு வாரத்தில் நீலம் பாய்ந்துவிடும், வண்டு துளைத்துவிடும். இப்போது போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தி எடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் உள்வேலைக்கு அருமையான மரம். இழைப்புளி ஓடினால் வெண்ணெய் மாதிரி வரும்.

ஆனால் வெளியே வைக்கக் கூடாது. அந்த மருந்து தண்ணீரில் கரைந்து போகும்.

கிராதியை அப்படியே பயன்படுத்துவதுதான் புத்தி. அதைக் கழற்றிச் சட்டம் சட்டமாக எடுக்கப் பார்த்தால் குச்சிகள் பசையோடு உடையும். கையில் கிடைப்பது அரை முழத் துண்டுகள்தான். அப்படியே சுவரில் படுக்கைவாட்டில் மாட்டினால் சமையலறைக்குத் தட்டு மூடி ஸ்டாண்டு. கூரையில் தொங்கவிட்டால் துணி காயப்போடலாம். தலைமாட்டுப் பலகை ஒரே பலகையா, ப்ளைவுட்டா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

#13 அவரைப்பந்தல், தஞ்சாவூர்
டிசம்பர் 10

நான் இதே மாதிரி கிராதியைக் கொல்லையில் நட்டு அவரைக்கொடி ஏற்றினேன். பார்க்க அத்தனை அழகு. ஒரு ஐப்பசி மழை. கார்த்திகையில் போய்ப் பிடித்தேன், கையோடு வந்துவிட்டது, அடிப்பக்கம் கறையான் சாப்பிட்டு உள்ளே கூடு. ஆசாரி சொல்வது நூற்றுக்கு நூறு.

#14 நேர்வழி
டிசம்பர் 10

அதனால்தான் சொல்கிறேன், போகி.

#15 வாடகைவீடு
டிசம்பர் 10

நேர்வழி சார், வெறும் மரத்தை எரித்தால் புகை, அவ்வளவுதான். படிப்பு மேஜைப் பலகை மரமே இல்லை. மரத்தூளை யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் குழைத்து அழுத்தியது, மேலே மெலமைன் தாள், ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டி. அதை எரித்தால் வரும் புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். வெந்நீர் அடுப்பில் போடுவதும் தப்பு. சென்னைக்காரர் நீங்கள், 2018 போகி அன்று புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானம் இறங்க முடியாமல் திருப்பி விட்டார்களே, ஞாபகம் இல்லையா?

#16 நேர்வழி
டிசம்பர் 10

ஞாபகம் இருக்கிறது. அந்த விமானம் ஒன்றில்தான் என் மச்சான் வந்தான். பெங்களூரில் இறக்கிவிட்டார்கள். சரி, போகி யோசனை வாபஸ்.

#17 வாடகைவீடு
டிசம்பர் 11

என் பங்குக்கு அந்த மேஜைப் பலகை பற்றி. 16 அல்லது 18 மில்லி கனம் இருக்கும். ஓரப்பட்டி உரியாமல், எங்கும் உப்பாமல் இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையைத் தண்ணீர் தொட்டிருந்தாலும் அது ரவை மாதிரி உதிரும், எந்தத் திருகாணியும் நிற்காது.

நல்ல பலகையை அலமாரித் தட்டாகப் போடலாம். பழைய ஓட்டையிலேயே மறுபடி திருகாணி போட வேண்டி வந்தால், தீக்குச்சி மருந்தை உடைத்துப் போட்டுவிட்டுக் குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டை நிறைய அடையுங்கள். ஒரு ராத்திரி காய்ந்தபின் பிளேடால் மட்டமாக வெட்டிவிட்டுத் திருகினால் பிடிக்கும். அதிக பாரம் வைக்க வேண்டாம். புத்தகம் நிறைய அடுக்கினால் ஆறு மாதத்தில் நடுவில் தொய்ந்து வாழைமட்டை மாதிரி ஆகும். இரண்டடிக்கு மேல் நீளம் என்றால் நடுவில் ஒரு தாங்கு கொடுங்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அகராதி ஒன்று என் தலையில் விழுந்திருக்கிறது.

#18 செவ்வாய்க்கிழமை டீச்சர், திருச்சி
டிசம்பர் 11

யாராவது "அங்கன்வாடிக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்வதற்குள் நான் முந்திக்கொள்கிறேன். எங்கள் தெரு அங்கன்வாடியில் ஒரு மூலை முழுக்க இப்படித் தானமாக வந்த அரைகுறைச் சாமான் கிடக்கிறது. மூன்று கால் நாற்காலி, கைப்பிடி இல்லாத நடைவண்டி, பூட்டத் தெரியாத கட்டில். அந்த அம்மாவால் வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் இடமில்லை. ஒருநாள் கேட்டபோது, "டீச்சர், எனக்கு ஒரு பாய் போதும், கையெட்டும் உயரத்தில் ஒரு அலமாரி போதும்" என்றார்.

முழுசாக, துடைத்து, பூட்டி, ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்து, கேட்டுவிட்டுக் கொடுப்பது வேறு. நம் பரணை அவர்கள் தலையில் இறக்குவது வேறு.

#19 நிலா, ரொறன்ரோ
டிசம்பர் 11

டீச்சர் சொன்னது சரி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறங்காத வகை, நிலையான கிராதி உள்ள கட்டிலை யாராவது கொடுக்க நினைத்தால் குச்சிக்கும் குச்சிக்கும் இடையில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இங்கெல்லாம் குளிர்பான டின் உள்ளே நுழையக் கூடாது என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஊரில் இப்போது ஒல்லி டின் வருகிறது, அதை வைத்துப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சோறூட்டும் நாற்காலியின் பெல்ட்டை எறிய முதல், அந்த நாற்காலி இப்போது யாரிடம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள் அண்ணா. பெல்ட் உங்களிடம் என்றால் அங்கே ஒரு பிள்ளை பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

#20 பரண்வாசி
டிசம்பர் 11

ஐயோ. நாற்காலியைப் பக்கத்துத் தெருவில் ஒருவருக்குக் கொடுத்தோம், தட்டு இல்லாமலே. நாளைக்கே போய்ப் பார்க்கிறேன்.

#21 மதுரைப் பெரியம்மா
டிசம்பர் 12

அந்த ஸ்ப்ரிங் சட்டத்தைக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள் தம்பி. என்ன நீளம்?

#22 பரண்வாசி
டிசம்பர் 12

52க்கு 28 இஞ்ச் மெத்தைக்கானது பெரியம்மா. சட்டமும் ஏறக்குறைய அதே அளவு. ஏன்?

#23 மதுரைப் பெரியம்மா
டிசம்பர் 12

வடாம். மொட்டை மாடியில் நாலு செங்கல் அடுக்கி, மேலே அந்தச் சட்டம், மேலே ஈர வேட்டி. தரையில் போட்டால் அடிப்பக்கம் காய இரண்டு நாள் ஆகும். இதில் கீழேயும் காற்றுப் போகும், ஒரே வெயிலில் தட்டினால் உரிந்து வரும். துரு இருந்தால் மட்டும் வேட்டிக்குக் கீழே ஒரு பழைய போர்வை போட்டுக்கொள்ளுங்கள். என் மகன் சைக்கிள் கேரியரை அடுக்கி வைத்துச் செய்துகொடுத்தான், அது சரிப்படவில்லை.

#24 நேர்வழி
டிசம்பர் 12

இந்த இழையிலேயே உருப்படியான யோசனை இதுதான். எங்கள் வீட்டிலும் ஒரு மடக்குக் கட்டில் சட்டம் இருக்கிறது. காயலான் கடைக்காரனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

#25 பரண்வாசி
ஜனவரி 4

தாமதத்துக்கு மன்னிக்கவும், அரையாண்டு விடுமுறையில்தான் வேலை நடந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

நாற்காலி முதலில். அந்த வீட்டில் குழந்தையைத் துப்பட்டாவால் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். பெல்ட்டையும் தட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன். இத்தனை வருடம் பரணில் வைத்திருந்ததற்கு அவர்கள் நன்றி சொன்னார்கள், எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

மெத்தையும், உப்பிப் போன இரண்டு பலகைகளும் மாநகராட்சிக்கு. 2025 அக்டோபரிலிருந்து சென்னையில் சனிக்கிழமைகளில் பழைய சோபா, மெத்தை, கட்டில் எல்லாவற்றையும் வீட்டுக்கே வந்து வாங்கிப் போகிறார்கள். 1913க்கு அழைத்துப் பதிந்தேன், வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். நல்ல பலகை ஒன்று பூஜையறையில் எண்ணெய் பாட்டில் தட்டாகிவிட்டது. பாரமில்லை, தொய்யாது என்று நம்புகிறேன்.

கிராதிகள். இறங்கும் கிராதியிலிருந்து கம்பி, ஸ்ப்ரிங், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டேன். இனி அதை யாராலும் கட்டிலாக்க முடியாது. ஆசாரி சொன்னது சரி, ரப்பர் மரம்தான், விரல் கோத்த இணைப்பும் இருந்தது. அதைச் சலவை இயந்திரத்துக்கு மேலே கூரையிலிருந்து நாலு சங்கிலியில் தொங்கவிட்டேன், மழைக்காலத்தில் துணி காயப்போட. சங்கிலி கோக்க ஓட்டை போட வேண்டியிருக்கவில்லை, கம்பி நுழைந்த ஓட்டைகளே போதும். கம்பிகள் இரண்டும் குளியலறை ஜன்னல் திரைக்குச் சரியான நீளம்.

இரண்டாவது கிராதி சமையலறையில். தட்டுகள் குச்சிக்கு இடையில் நிற்கின்றன, மூடிகள் மேல்கட்டையில் தொங்குகின்றன. மேல்கட்டையை இழைத்துப் புதுசாக வார்னிஷ் அடிக்கலாம் என்று இருந்தேன். ஆசாரியும் அதைத்தான் சொல்வார். திருப்பிப் பார்த்தால் நீளத்துக்கும் பல் தடம். இரண்டு இரண்டாக, எலி கடித்த மாதிரி. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நானா? ச்சீ" என்று சொல்லிவிட்டு, போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினான். இழைக்கவில்லை. சோப்புத் தண்ணீரில் துடைத்து அப்படியே மாட்டிவிட்டோம்.

தலைமாட்டுப் பலகை ப்ளைவுட் ஆசாரி, மேலே மரத்தாள் ஒட்டியது. இன்னும் பரணில்தான் இருக்கிறது. கேட்காதீர்கள்.

ஸ்ப்ரிங் சட்டம் அம்மா கையில். தை பிறந்து வெயில் ஏறட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

#26 தோவாளை ஆசாரி
ஜனவரி 4

நான் இழைக்கச் சொல்லியிருக்க மாட்டேன். என் கடையில் ஒரு ஸ்டூல் கிடக்கிறது, மகள் உளியால் கொத்தியது. வாங்க வந்தவர்கள் விலை பேசினால் உள்ளே எடுத்து வைத்துவிடுவேன். ப்ளைவுட் பலகையின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். அடுக்கு பிரியாமல் இருந்தால் தையல் மிஷினுக்கு மேல்பலகை ஆகும்.

#27 டவுன்ஹால் திருகாணி, கோவை
ஜனவரி 4

எல்லாம் சரி, கால் இஞ்ச் போல்ட் 12 என்றீர்களே? கிராதி தொங்கவிட எத்தனை போனது?

#28 பரண்வாசி
ஜனவரி 4

நாலு. சமையலறைக்கு ரா பிளக் போட்டு வேறு திருகாணி. எட்டு மிச்சம்.

#29 டவுன்ஹால் திருகாணி, கோவை
ஜனவரி 5

என் மச்சினர் பெண்ணின் கட்டில் ஒன்று டல்லாஸிலிருந்து வந்து பூட்டாமல் நிற்கிறது. நிலையான கிராதி, இடைவெளி அளந்துவிட்டேன், ஐந்தே முக்கால் சென்டிமீட்டர். பெட்டியில் போல்ட் பாக்கெட்டை மட்டும் காணோம். இங்கே கடையில் கிடைக்கும் கால் இஞ்சில் தலை அறுகோணம், மரத்துக்குள் புதையாது. உங்கள் எட்டும், பேரல் நட் எட்டும் எனக்கு வேண்டும். நீளம் அளந்து சொல்லுங்கள், கொரியர் செலவு நான் தருகிறேன்.

#30 பரண்வாசி
ஜனவரி 5

தலை தவிர்த்து 70 மில்லி. பேரல் நட் ஒன்பதையும் அனுப்புகிறேன், ஒன்று தொலையும். ஆலன் கீ 4 மில்லி, வளைந்தது, அதுவும் வேண்டுமா?

#31 டவுன்ஹால் திருகாணி, கோவை
ஜனவரி 5

கீ என்னிடம் பதினேழு இருக்கிறது. 70 சரியாகப் பொருந்தும், அனுப்புங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வேண்டாம், உடையும்.